இஞ்ஞாசியின் பாதி

மூன்றாவது பத்து இன்னும் முடியவில்லை, அதற்குள் நயினாருக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஜெபமாலை நழுவிவிடக் கூடாதே என்று விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். மைக்குக்கு முன்னால் நின்ற ராயப்பன் கண்ணை மூடிக்கொண்டு அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கென்ன, பிறந்ததிலிருந்து சொல்கிறவன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான், பத்தாவது மணியில் விரல் தானாக நின்றுவிடும். நமக்கு நிற்குமா என்று நினைத்தார் நயினார். செந்தட்டிவிளை மாதா பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் கூடுகிற சனிக்கிழமை அது. வருஷத்துக்கு ஒருமுறை, ஜெபமாலை மாசமான அக்டோபரில், மைதானத்து மூலையில் இருக்கிற கல்லடுக்கிய குகை மாதிரியான மாதா கெபிக்கு எதிரே மணலில் நாற்காலி போட்டு, நயினாரோடு படித்து வெளியேறிய செட்டில் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பத்து சொல்லுவார்கள். முன்னால் நிற்பவர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லவேண்டும், மறுபாதியைக் கூட்டம் சொல்லும், ஒரு மணி உருளும், மறுபடி முதல் பாதி. அவ்வளவுதான் வேலை. நாலாவது பத்து எப்போதும் இஞ்ஞாசியுடையது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அது அவனுடையது, பஸ்ஸில் கண்டக்டர் சீட்டு கண்டக்டருடையது என்பதுபோல. அந்த இஞ்ஞாசி இப்போது முதல் வரிசையில், சக்கர நாற்காலியில், வலதுகையை மடியில் ஒரு துணிப்பொட்டலம் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இடதுகையில் ஜெபமாலை. வெள்ளைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கிறது, அவன் மனைவி, மைனி போட்டுவிட்டிருப்பாள், அவன் போட்டால் மேல் பொத்தான் திறந்துதான் கிடக்கும். பாவி, இவ்வளவு அடக்கமாக இவன் உட்கார்ந்து பார்த்ததே இல்லையே.

நாலாவது பத்தை நான் சொல்லுகிறேன் என்று நயினார் போன வாரம் கேட்டபோது தொபியாஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தான். இதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், ஐந்தாவது பத்து அவனுடையது, இந்தக் கூட்டத்தையெல்லாம் இழுத்துக் கட்டி நடத்துகிறவனும் அவன்தான். "நெத்தி நெறைய திருநீறப் பூசிக்கிட்டு ஜெபமால சொல்லப் போறீராவே?" என்றான். "ஏன், அழிச்சிட்டு வான்னு மாதா சொல்லிவிட்டாளா?" என்றார் நயினார். "மாதா சொல்ல மாட்டா. முன் வரிசையில உக்காந்திருக்க பொம்பளையாளுக சொல்லும்." "அவங்களும் எங்க கடையில சட்டி பானை வாங்கினவங்கதான், சொன்னா நான் பாத்துக்கிடுதேன்." இப்போதைய தலைமையாசிரியர் ஃபாதர் ரோமால்டிடம் போய்க் கேட்டார்கள், சின்ன வயதுக்காரர். அவர் சிரித்துக்கொண்டு, "ஐயா நம்ம போர்டிங்ல படிச்சவங்கதானே, நல்லாச் சொல்லுவாங்க" என்றுவிட்டார். நல்லாச் சொல்லுவாங்க. அது எப்படித் தெரியும் அவருக்கு. இன்று வீட்டில் மனைவி செண்பகம் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டே இருந்தாள். காப்பி ஆற்றும்போது ஒரு தடவை, வேட்டி எடுத்துக் கொடுக்கும்போது ஒரு தடவை. "ஐம்பது வருஷமாச் சிவன் கோயிலுக்கு வாங்கன்னு கூப்பிடுதேன், காலு வலிக்குதும்பீக. மாதா கோயில்னா மைக்கு பிடிக்கவே ஓடுதீகளே." சொல்லிவிட்டு அவளே திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து நெற்றியில் பூசிவிட்டாள், கண்ணில் விழாமல் மேலே கையை வைத்து ஊதினாள். ஊதியபோது, "இஞ்ஞாசி அண்ணன் வாயத் தொறந்துரணும்" என்று முணுமுணுத்தாள். எந்தச் சாமியிடம் சொன்னாளோ. கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒன்று சொல்லுவாள்.

வாயைத் திறந்துவிட வேண்டும். அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை. சித்திரையில் பக்கவாதம் வந்து விழுந்தான் இஞ்ஞாசி. விழுந்து எழுந்தபோது வலதுகை போயிருந்தது, பேச்சு போயிருந்தது. பேச்சு என்றால் முழுசாகப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மிஞ்சியது, அதான். காப்பி வேண்டுமென்றால் அதான். வேண்டாமென்றாலும் அதான். கோபம் வந்தால் அதான் அதான் அதான் என்று வண்டி மாதிரி உருட்டுவான். முப்பது வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவன், படியில் தொங்கிக்கொண்டு ஊர் பேர் சொன்னால் அடுத்த தெருவில் நடக்கிறவன் ஓடி வந்து ஏறுவான், அப்பேர்ப்பட்ட தொண்டைக்கு மிச்சம் ஒரு அதான். வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் நயினாரிடம் ஒருநாள் விளக்கினாள். "யோசிச்சுப் பேசுற பேச்சு ஒரு எடத்துல இருக்கு அங்கிள், சின்ன வயசுல மனப்பாடம் ஆனது வேற எடத்துல இருக்கு. இந்த வாசல் அடைச்சிருந்தா அந்த வாசல் வழியா வரலாம். வந்துச்சுன்னா அதப் பிடிச்சுக்கிட்டு மத்ததையும் கொஞ்சங் கொஞ்சமா வெளிய இழுக்கலாம்." இஞ்ஞாசியின் மனைவி மதலேனம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சும்மா இருக்கவில்லை. "பஸ் ஸ்டாப்பு பேரெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன் அண்ணாச்சி. வரிசையாச் சொல்லிட்டு வந்து நடுவுல நிறுத்துவேன், அடுத்த ஸ்டாப்ப அவுக சொல்லுவாகன்னு. அதாங்கிறாக. ஜெபமாலையும் சொன்னேன். புது வார்த்தையில சொன்னேன், பழைய வார்த்தையில சொன்னேன். நான் முன்னால சொல்லி நிறுத்துவேன், அவுக பதில் சொல்லணும். ஆமென் வார எடத்துல கூட அதாந்தான் வருது." சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். திங்கட்கிழமை மகன் இரண்டு பேரையும் ஹைதராபாத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அங்கே தமிழில் பயிற்சி கொடுக்க ஆள் கிடையாது. போதும்மா, அப்பாவைப் போட்டுப் படுத்த வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று மகன் சொல்லிவிட்டானாம். இப்படியே என்றால் எப்படியே. வாழ்நாள் பூராவும் அதானா. அதனால்தான் நயினார் நாலாவது பத்தைக் கேட்டது. வீட்டில் வராதது கெபி முன்னால் வரலாம், கூட்டத்தோடு கூட்டமாக வரலாம், பழைய ஜெபம் பழைய கூட்டாளி வாயில் கேட்டால் வரலாம். வரலாம், வரலாம் என்று இவ்வளவு தூரம் வந்தாயிற்று. ராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். மைக் காலியாக நிற்கிறது.

நயினார் போய் நின்றார். மைக் அவர் மூச்சை வாங்கிப் பள்ளிக்கூடம் முழுக்க ஊதியது. "நாலாம் சந்தோஷ தேவ ரகசியம், குழந்தை யேசுவைக் கோயில்ல ஒப்புக்கொடுத்தது" என்றார். சரியாக வந்துவிட்டது. பரலோக மந்திரமும் வந்துவிட்டது. முதல் மணியைப் பிடித்து, பழைய நாளில் சொன்ன மாதிரியே, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கினார். இப்போதெல்லாம் அருள் நிறைந்த மரியே என்றுதான் சொல்லுகிறார்கள். கூட்டத்தில் வயதான தலைகள் சட்டென்று நிமிர்ந்தன, பின்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கர்த்தர் உம்முடனே, நன்றாகப் போகிறது, திருவயிற்றின் கனியாகிய யேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே, அங்கே நிறுத்தவேண்டும், நிறுத்தாமல் அர்ச்சிஷ்ட மரியாயே சர்வேசுரனுடைய மாதாவே என்று கூட்டம் சொல்லவேண்டியதையும் தானே சேர்த்துச் சொல்லி, ஆமென் வரைக்கும் போய்விட்டார். கூட்டம் வாயைத் திறந்தபடி நின்றது. தொபியாஸ் காதுக்குப் பக்கத்தில் வந்து, "வே, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையும்" என்றான். அதை மைக் பிடித்துக்கொண்டது. மைதானமே சிரித்தது, கன்னியர் வரிசையில்கூட வெள்ளை முக்காடுகள் குலுங்கின. நயினாரும் சிரித்துவிட்டார். சிரித்ததில் உள்ளங்கை காய்ந்தது. இரண்டாவது மணியில் கவனமாக யேசுவில் நிறுத்தினார், கூட்டம் பிடித்துக்கொண்டது. கிழவர்கள் அர்ச்சிஷ்ட மரியாயே என்றார்கள், பிள்ளைகள் புனித மரியே என்றார்கள், இரண்டு தண்டவாளத்தில் இரண்டு ரயில் ஓடுகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடி, சின்ன ரயில் கொஞ்சம் முன்னால் போய்க் காத்திருக்க, ஆமென்னில் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. நயினார் இஞ்ஞாசியைப் பார்த்தார். இஞ்ஞாசியின் வாய் மூடியிருந்தது.

மூன்றாவது மணி. வாய் ஒருபக்கம் சொல்லிக்கொண்டு போகிறது, மனசு ஒருபக்கம். ஏன் நான் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை, நாக்குக்கு ஏன் அந்தப் பாதியில் அவ்வளவு ஆசை என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே ஸ்திரீகளுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் நீரே என்றார். போர்டிங் கோவிலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபமாலை. இந்துப் பையன்கள் வரவேண்டாம், படிப்பு அறையில் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் படிப்பு அறையில் பிரதர் கஸ்பார் பிரம்போடு உலாத்துவார், தலை ஆடினால் விழும். கோவிலில் அப்படி இல்லை, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம், மாதா அடிக்கமாட்டாள். அதற்காகத்தான் நயினார் முதலில் போனது. அப்பாவிடம் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் யோசித்து, அங்க போயிப் பாட்டுப் படி, ஆனா பரீட்சைக்கு நம்ம பிள்ளையாரக் கும்பிட்டுக்கோ, அவர்தான் மார்க்குப் போடுவாரு என்றார். கோவிலில் பெஞ்சுகள் எதிரும் புதிருமாக இருக்கும். ஒரு பக்கப் பீடத்தில் மாதா, மறுபக்கப் பீடத்தில் சூசையப்பர். மாதா பக்கத்துப் பையன்கள் முதல் பாதி, சூசையப்பர் பக்கத்துப் பையன்கள் மறுபாதி. நயினார் சூசையப்பர் பக்கம், இஞ்ஞாசி எதிரே, மாதா பக்கம். தன் பாதி முடிகிற இடத்தில், கனியாகிய யேசு வருகிறபோது, இரண்டு கருவிழியையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பான், முகம் மட்டும் சிறகு வைத்த சம்மனசு மாதிரி இருக்கும். நயினார் சிரிக்காமல் தன் பாதியை எடுக்கவேண்டும். எத்தனை ராத்திரி உதட்டைக் கடித்துக்கொண்டு அர்ச்சிஷ்ட மரியாயே. ஆமென், என்றது கூட்டம். எத்தனாவது மணி இது. நாலா, ஐந்தா. விரலை நகர்த்தினோமா, நகர்த்தவில்லையா. இருக்கட்டும், ஒன்று கூடினால் மாதா திருப்பியா கொடுக்கப்போகிறாள். பிரியதத்தத்தினாலே. இஞ்ஞாசி இப்போது தன்னையே பார்ப்பதை நயினார் கண்டார். அந்தக் கண்ணில் விஷமம் இல்லை. பின்னே என்ன இருக்கிறது அதில். பயமா. தெரியவில்லை. பேச முடியாதவன் கண்ணில் நாம் நினைத்ததையெல்லாம் படித்துக்கொள்ளுகிறோம்.

கடைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்துவான். அங்கே ஸ்டாப்பு கிடையாது. "நயினார் கடை எறங்கு" என்று கத்துவான், யாரும் இறங்க இல்லாவிட்டாலும் கத்துவான், டிரைவரும் நிறுத்துவார், இஞ்ஞாசி படியில் நின்றபடி, "என்னவே, ஏவாரம் எப்படி" என்று கேட்டுவிட்டு விசிலை ஊதுவான். ஒரு வருஷம் போனதும் சனங்களே நயினார் கடை ஒரு டிக்கெட் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போதும் அந்த ஸ்டாப்புக்கு அதுதான் பேர், கடையை மகன் பெயருக்கு மாற்றியும் ஸ்டாப்பு மாறவில்லை. ஆமென். பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே. விழுவதற்கு முந்தின ராத்திரி போனில் சண்டை. போர்டிங் நாய்க்கு என்ன பேர் என்று. சீசர் என்றார் நயினார். சீசர் சமையல்காரர் வீட்டு நாய், போர்டிங் நாய் டைகர், உமக்கு வெண்கலச் சட்டியைத் தவிர ஒண்ணும் ஞாபகம் நிக்காதுவே என்றான் இஞ்ஞாசி. வெள்ளையில் பழுப்புப் புள்ளி போட்ட நாய்க்கு எவன் டைகர்னு பேர் வைப்பான் என்றார் இவர். சரி, நாளைக்குப் பேசுவோம் என்று வைத்துவிட்டான். நாளைக்கு. கர்த்தர் உம்முடனே. டைகர் என்றே இருக்கட்டுமே, அவன் சொன்னால் டைகர்தான், ஒரு தடவை வாயைத் திறந்து நீர் முட்டாள்வே என்று சொல்லட்டுமே. திருவயிற்றின் கனியாகிய யேசுவும். நிறுத்தினார். கூட்டம் எடுத்துக்கொண்டது. இந்த இரகசியத்தில் ஒரு கிழவர் வருவார் இல்லையா, கோவிலில் காத்துக்கொண்டே இருப்பார், பிள்ளையைக் கையில் வாங்கியதும் இனி எனக்குப் போதும் என்பார். சிமியோன். போர்டிங் நாளில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டது. கையில் வாங்குவது இருக்கட்டும், அதற்கு முன்னால் அத்தனை வருஷம் காத்திருந்தாரே, ஒருநாளாவது சந்தேகம் வந்திருக்காதா, வரப்போவதில்லை, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று. இருட்டுகிறது. கெபிக்குள் மாதாவுக்குச் சுற்றிப் போட்ட சின்ன பல்புகளை யாரோ எரியவிட்டார்கள். சமையல் கொட்டகையிலிருந்து பட்டை லவங்க வாசனை வருகிறது. இஞ்ஞாசியின் வாய் மூடியேதான் இருக்கிறது. இந்தப் பத்தில் இன்னும் இரண்டு மூன்று மணிதான் மிச்சம் இருக்கும். ஆமென் வருகிற இடத்தில் அவன் உதடு பிரிந்தது, நயினார் கழுத்தை நீட்டினார், "அதான்" என்றான். பக்கத்தில் மதலேனம்மாள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்போதுதான் நயினார் அந்தப் பார்வையைச் சரியாகப் பார்த்தார். பயமில்லை அது. எரிச்சல். நன்றாகத் தெரிந்த எரிச்சல். கூட்டமான பஸ்ஸில் யாராவது கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் இஞ்ஞாசி பார்க்கிற பார்வை. எழுந்திரும் என்று வாயால் சொல்லமாட்டான், பையை நகர்த்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று இப்படித்தான் பார்ப்பான். யார் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள். நயினார் தன்னையே திட்டிக்கொண்டார். ஏ மடையா. நீ நிற்பது எங்கே. மாதா பக்கத்தில் நிற்கிறாய், அவனுடைய பக்கத்தில், அவன் பாதியைச் சொல்லிக்கொண்டு. அவன் என்றைக்கு மறுபாதி சொன்னான். போர்டிங்கில் சொல்லவில்லை. இங்கே வருஷா வருஷம் மைக்கில் நின்று முதல் பாதிதான் சொன்னான். வீட்டில் அவன்தான் முன்னால் சொல்லுவான், மைனி பதில் சொல்லுவாள், அவன் விழுந்த பிறகு மைனி முன்னால் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள், நான் முன்னால் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன், அவனிடம் இல்லாததை ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். என் நாக்குக்கு முதல் மணியில் தன் பாதி எது என்று தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. ஆமென், என்றது கூட்டம், அடுத்த மணிக்காக நின்றது.

நயினார் வாயைத் திறக்கவில்லை. மைக்கை விட்டு இரண்டு எட்டு விலகி, கெபிக்கு வலதுபக்கம், சூசையப்பர் சுரூபம் இருக்கிற திண்டுக்குப் பக்கத்தில் போய், இஞ்ஞாசிக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். தொபியாஸ் பதறிப் போனான், மறந்துவிட்டது என்று நினைத்து, "பிரியதத்த, பிரியதத்த" என்று உதட்டால் எடுத்துக் கொடுத்தான். நயினார் கையைக் காட்டி அவனை அடக்கினார். சனங்கள் நாற்காலியில் அசைந்தார்கள், பின்னால் பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள், ஃபாதர் ரோமால்ட் பாதி எழுந்து நின்றார். எவ்வளவு நேரம் தாங்கும் இது. ஒருவேளை நான் நினைத்தது தப்போ. தப்பென்றால் இத்தனை பேர் முன்னால் அவனை அசிங்கப்படுத்தின கணக்காகிவிடும், மகன் பின்வரிசையில் இருக்கிறான், மைனி கையைப் பிசைகிறாள், திரும்பப் போய் மைக்கைப் பிடித்துச் சொல்லி முடித்துவிடலாமா, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். போகவில்லை. மைக் இல்லாமல், இஞ்ஞாசியை மட்டும் பார்த்து, தன் பாதியைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே. சொல்லும்போதே நாக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஆமென் சொல்லி நிறுத்திவிட்டு, போர்டிங்கில் எதிர்ப்பக்கத்துக்காகக் காத்திருக்கிற மாதிரி, சாதாரணமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இஞ்ஞாசியின் கழுத்து நரம்பு எழும்பியது. "அதான்" என்றான். "அதான். அதான்." இடதுகை ஜெபமாலையை நாற்காலிக் கைப்பிடியில் அடித்தது. "ம்" என்றார் நயினார். "எடுலே." இஞ்ஞாசி மூச்சை இழுத்தான். "பிரி" என்று வந்தது. நின்றது. மறுபடி இழுத்தான். "பிரியதத்தத்தினாலே" என்றான். கரடுமுரடாக, துருப்பிடித்த கதவு மாதிரி, ஆனால் ஒரு எழுத்து குறையாமல். "பூரண மரியாயே வாழ்க." பிறகு அது நிற்கவே இல்லை, இறக்கத்தில் விட்ட வண்டி மாதிரி தானாக உருண்டு, கர்த்தர் உம்முடனே, ஸ்திரீகளுக்குள், கனியாகிய யேசுவும், போக வேண்டிய இடம் வரைக்கும் போய், சரியான இடத்தில் நின்றது.

மறுபாதியை முதலில் நயினார் மட்டும்தான் சொன்னார், நடுவில் ராயப்பன் பிடித்துக்கொண்டான், பிறகு கிழவர்கள், பிறகு எல்லாரும். ஆமென் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் இஞ்ஞாசி அடுத்ததை எடுத்துவிட்டான். இந்தத் தடவை துரு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. மதலேனம்மாள் மணலில் முழங்காலில் விழுந்து அவன் வாயையே பார்த்தாள், அந்த மூச்சு முடிகிற இடத்தில் பொறுக்கமாட்டாமல், "என்னங்க, தண்ணி தரட்டுமா? தண்ணின்னு சொல்லுங்க" என்று கேட்டாள். "அதான்" என்றான் இஞ்ஞாசி. அவள் கண்ணீரோடு உரக்கச் சிரித்துவிட்டாள். "சரி, அத நாளைக்குப் பாத்துக்கிடுவோம். நீங்க சொல்லுங்க" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு அவன் அடுத்த பிரியதத்தத்தைச் சொன்னான். மகன் பின்வரிசையிலிருந்து ஓடிவந்து நாற்காலியின் பின்னால் நின்றான், "அம்மா, திங்கட்கிழமை டிக்கெட்ட நான் மாத்திருதேன்" என்றது நயினார் காதில் விழுந்தது, அதை நினைத்துப் பார்ப்பதற்குள் அவர் முறை வந்துவிட்டது. ஜெபமாலையில் பத்தாவது மணியைத் தாண்டிப் போயாயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்தாவது பத்துக்காகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்ற தொபியாஸ் ஃபாதரைப் பார்த்தான். ஃபாதர் உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். தொபியாஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, மைக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மைக் தேவைப்படவில்லை. சமையல் கொட்டகையில் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். பின்னால் நின்ற பிள்ளைகள், பழைய சொற்களைக் காதில் வாங்கிவாங்கி, புனித மரியேயை விட்டுவிட்டு அர்ச்சிஷ்ட மரியாயேக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஒரே ரயிலாகிவிட்டது. நயினாரின் ஜெபமாலை விரலில் சுற்றியபடி சும்மா கிடந்தது, எண்ணுகிற வேலை இல்லை, நாயில்லை, நாளையில்லை, மனசு எங்கும் போகவில்லை, எதிரே இஞ்ஞாசியின் வாய் மட்டும் இருந்தது. அது கனியாகிய யேசுவுக்கு வந்து நின்றது. நயினார் மூச்சை இழுத்துக்கொண்டு தன் பாதியைச் சொன்னார்.